விளிம்பில் ஒரு கை

செவ்வந்தி குழந்தையை இன்னும் வார்டிலிருந்து இறக்கவில்லை. பத்தரைக்கு என்றார்கள், மணி பத்து நாற்பது, இந்த ஆஸ்பத்திரியில் பத்தரை என்றால் பதினொன்று, அதுவும் லிஃப்ட் மனது வைத்தால். மூன்றரை மாதக் குழந்தை, வீட்டில் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் சீட்டில் பிறந்த அன்று அம்மா பெயரை வைத்து எழுதியதே இன்றும் ஓடுகிறது: செவ்வந்தி குழந்தை, ஆண். நான் படம் பார்க்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை, காலையிலும் விளக்கை அணைத்துத்தான் வைக்க வேண்டும், ஏசி எனக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக. எதிரே இரண்டு திரை. வலது திரை காலி, இன்று எடுக்கப்போகும் படங்களுக்காக இருக்கிறது, தலை முதல் கால் வரை எலும்பு எலும்பாக இருபது படம். இடது திரையில் இதே குழந்தையின் பழைய நெஞ்சுப் படம், இந்த மாதம் மூன்றாம் தேதி எடுத்தது. இன்று பதினைந்து. படத்துக்குக் கீழே என் ரிப்போர்ட், ஒரே வரி. நுரையீரல் தெளிவு, தைமஸ் சுரப்பி இயல்பு, கோளாறு எதுவும் இல்லை. அதற்குக் கீழே என் பெயர், டாக்டர் சுடலைவடிவு, குழந்தைகள் ரேடியாலஜி, பயிற்சி மருத்துவர். பெயர் நீளம் என்பதால் திரையில் இரண்டு வரியாக மடிந்து நிற்கிறது. தப்பு செய்தவளுக்குச் சின்னப் பெயராக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, இது சிரிக்கிற நேரமா என்றும் தோன்றுகிறது, இரண்டும் வந்துவிட்டுப் போகின்றன, உள்ளே ஒன்றும் நிற்கவில்லை.

வலது பக்கம், முதுகை ஒட்டி, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது விலா. மூன்று முடிச்சு. உடைந்த எலும்பு ஆறும்போது அதைச் சுற்றிப் புது எலும்பு வளரும், அதுதான் அந்த முடிச்சு, மிளகளவு இருக்கும். இன்று காலை எட்டரைக்கு எலும்பு முறிவைப் பார்க்கும் ஆர்த்தோவிலிருந்து சீட்டு வந்ததும் பழைய படத்தைத் திறந்தேன், திறந்த கணமே தெரிந்தது. அதுதான் இந்தத் தொழிலின் கேவலம். தெரிந்த பிறகு முழுப் பூசணிக்காய் மாதிரி தெரியும், தெரிவதற்கு முன்னால் வெறும் சோறு. மூன்றாம் தேதி நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், தைமஸை. சின்னக் குழந்தைகளுக்கு இதயத்துக்கு முன்னால் இருக்கும் சுரப்பி, வளர வளரச் சுருங்கிவிடும், படத்தில் படகின் பாய் மாதிரி ஒரு முக்கோணமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து நிமோனியா என்று எழுதி, குழந்தைக்கு ஊசி மேல் ஊசி போடவைத்து, மாட்டிக்கொள்வார்கள். முதல் மாதம் நானும் எழுதினேன், நாற்பது பேர் முன்னால் ஆர்.ஆர். சார், அவர்தான் எங்கள் துறைத் தலைவர், 'பெரியவங்களை மட்டும் பாத்துப் பழகின கண்ணு' என்றார். அதிலிருந்து பாய் எங்கே நீட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். செவ்வந்தி குழந்தைக்கு அழகான பாய். பார்த்ததும் ஒரு சந்தோஷம், இதோ, நான் ஏமாறவில்லை. இயல்பு என்று எழுதினேன், அடுத்த படத்துக்குப் போனேன். நாலு மூலையிலிருந்து தொடங்கு, எலும்பை எண்ணு, நெஞ்சைக் கடைசியில் பார், இதுதான் இங்கே வரிசை, சுவரில் ஒட்டியே இருக்கிறது. நடுவிலிருந்து தொடங்கினேன், நடுவிலேயே நின்றுவிட்டேன். ஒரு தப்பைச் செய்யவில்லை என்ற பெருமையில் இன்னொன்றைக் கோட்டைவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

மூலையிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு கையைப் பார்த்திருப்பேன். பார்த்தேன், பார்த்துத்தான் வெட்டினேன். குழந்தைகள் படத்தில் எப்போதும் ஒரு கை இருக்கும், அசையாமல் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும் அல்லவா, அம்மா, அப்பா, சித்தி, படத்தின் ஓரத்தில் அவர்களுடைய விரல் எலும்பு வந்துவிடும். வார்டு மருத்துவர்களுக்கு அது பிடிக்காது, அசிங்கமாம், எனவே ரிப்போர்ட் போடும் முன் ஓரத்தை இழுத்து மூடிவிடுவது வழக்கம், மவுஸை இரண்டு முறை அசைத்தால் போதும். அன்று மூடினேன். இன்று திறந்தேன். இடது மேல் மூலையில், குழந்தையின் தூக்கிப் பிடித்த கைக்குப் பக்கத்தில், பெரிய விரல்கள் நாலு, மோதிர விரலில் ஒரு வளையம் பளிச்சென்று. ஆண் கை. எக்ஸ்ரே எடுக்கும் கோதண்டம் அண்ணனிடம் காலையில் கேட்டேன். "நல்லா ஞாபகம் இருக்குது மேடம். அந்தாளுதான் புடிச்சாரு. அந்தம்மா செவுத்தாண்ட தள்ளி நின்னுக்கினு இருந்துச்சு" என்றார். அதனால் என்ன, எத்தனையோ அப்பாக்கள் பிடிக்கிறார்கள், அம்மா மறுபடி முழுகாமல் இருந்தால் அப்பாவைத்தான் நாங்களே பிடிக்கச் சொல்கிறோம். எலும்பாகப் பார்க்கும்போது எல்லாக் கையும் ஒன்றுதான், எந்தக் கை எதைச் செய்தது என்று படம் சொல்லாது. சத்துக் குறைவா, பிறவியிலேயே எலும்பு பலவீனமா என்று வேறு பார்க்க வேண்டும், அதற்கு ரத்தப் பரிசோதனை போயிருக்கிறது. யார் என்பது எங்கள் வேலை இல்லை. என்ன, எப்போது, இந்த இரண்டுதான். அந்த எப்போதுதான் இப்போது என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்பது மணிக்கு வார்டிலிருந்து பவித்ரன் போன் செய்தான், ஆர்த்தோவில் படிக்கிற பையன், பாதித் தூக்கத்தில் பேசினான். "மேடம், தொடை எலும்பு உடைஞ்சிருக்கு, வெளியில எடுத்த படத்துல தெரியுது. அஞ்சாம் தேதி தொட்டில் கயிறு அறுந்து விழுந்துச்சாம். யாரோ எண்ணெய்க் கட்டுப் போட்டிருக்காங்க, வீக்கம் வடியலைன்னு இப்பதான் கூட்டிட்டு வந்தாங்க. எங்க சாருக்கு லேசா சந்தேகம், அதான் முழுசா எடுக்கச் சொன்னாரு. ஆனா அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. எல்லாமே பத்து நாளுக்கு ஒத்துப்போச்சுன்னா காலுக்குப் பெல்ட் போட்டு சாயங்காலமே அனுப்பிருவோம், கட்டில் இல்ல மேடம்." ஒத்துப்போகும், பவித்ரன். இந்த வயதில் தொடை எலும்பு பத்து நாளில் முடிச்சுப் போட்டுவிடும். விலாவும் முடிச்சு, தொடையும் முடிச்சு. எலும்பு தேதி சொல்லாது, வாரக்கணக்கு சொல்லும், அதிலும் ஒரு வாரம் முன்னே பின்னே. எல்லாம் ஒரே விழுகையில் உடைந்தது என்று எவனும் சொல்லிக்கொள்ளலாம், இன்றைய இருபது படத்தை வைத்து யாரும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தொட்டில் அறுந்தது ஐந்தாம் தேதி. இடது திரையில் இருப்பது மூன்றாம் தேதி. தொட்டில் அறுவதற்கு இரண்டு நாள் முன்பே மூன்று விலா உடைந்து, ஆறவும் தொடங்கியிருந்தது. அதைச் சொல்ல உலகத்தில் இந்த ஒரு படம்தான் இருக்கிறது. அதன் கீழே கோளாறு எதுவும் இல்லை என்று நான் எழுதிவைத்திருக்கிறேன், எழுதியதால் இனி யாரும் திறக்கப்போவதில்லை.

நௌஷாத் பார்த்துவிட்டான். என்னோடு பயிற்சி எடுப்பவன், வாணியம்பாடிக்காரன், டீ எடுத்துவந்தவன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான், அவனுக்கும் ஒரு கணம்தான் ஆனது. டீயைக் கீழே வைத்தான். "யார் ரிப்போர்ட்?" என்றான், என் பெயர் இரண்டு வரியில் கண் முன்னால் நிற்கும்போதே கேட்டான், பாவம், எனக்கு இல்லை என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தான். "என்னோடதுதான்" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "வடிவு, இன்னைக்கு எடுக்கிற படத்துல விலா தெரியத்தான் போகுது. அதை எழுது, நல்லா எழுது. பழசை எதுக்குத் தோண்டுற? ட்ரெய்னிங் முடிய இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு, சார் கையெழுத்துப் போட்டா நீ பாட்டுக்கு சேலம் போயிடுவ" என்றான். நல்லவன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழைய ரிப்போர்ட்டைத் திருத்தினால் அது சிவப்பு எழுத்தில் வார்டுக்குப் போகும், சாருக்குப் போகும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போகும். கோட்டைக் கூட்டம் என்று நாங்கள் வைத்த பெயர், கோட்டைவிட்டவற்றைத் திரையில் போட்டுக் காட்டும் கூட்டம். பெயரை மறைத்துத்தான் போடுவார்கள். ஆனால் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஏனென்றால் அவள் மட்டும்தான் திரையைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானே எத்தனை முறை அப்படிக் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறேன். கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போலீஸ், குழந்தைகள் நலக் குழு, ஒருநாள் கோர்ட், டாக்டர், மூன்றாம் தேதி நீங்கள் என்ன எழுதினீர்கள், வாசித்துக் காட்டுங்கள். வாசிப்பேன். ஒரே வரிதான், சீக்கிரம் முடிந்துவிடும்.

எனக்குப் பயமாக இருக்க வேண்டும். வெட்கமாக, அழுகையாக, ஏதாவது. எட்டரையிலிருந்து தேடுகிறேன், பல் பிடுங்க மரத்துப்போக வைத்த கன்னத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல, என்னுடையதுதான், ஆனால் அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று யோசிக்கிறேன். மூன்றாம் தேதி மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன், ஊறுகாய் கசந்தது. இது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் குழந்தை எந்த வீட்டில் எந்தப் பாயில் கிடந்தது, அதற்கு மறுநாள் தொடை எப்படி உடைந்தது, இதை நினைக்கப் போனால் நினைப்பு பாதியில் திரும்பி ஊறுகாய்க்கு வந்துவிடுகிறது. இந்தப் பயிற்சி செய்த வேலை இது என்று நினைக்கிறேன். முதல் மாதம் ஒவ்வொரு படத்திலும் குழந்தை தெரிந்தது, மூன்றாம் மாதம் குழந்தை மறைந்து எலும்பு வந்தது, அதற்குப் பெயர் தேர்ச்சி என்றார்கள். போன மாதம் சேலம் போனேன். என் மகள் யாழினிக்குப் பதினொரு மாதம், சிவகுருவும் அவன் அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள், கதவைத் திறந்ததும் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கினாள். குனிந்தேன். அக்குளுக்குக் கீழே என் கை போனது, கட்டை விரல் இரண்டும் முன்பக்கம், மற்ற விரல்கள் முதுகுப்பக்கம், விரல் நுனி சரியாக முதுகெலும்பு ஓரத்தில், விலா எங்கே உடையுமோ அங்கே. கை அங்கேயே நின்றுவிட்டது. எல்லா அம்மாவும் எல்லா அப்பாவும் குழந்தையை இப்படித்தான் தூக்குகிறார்கள், இதே பிடிதான், இறுக்கினால் அது. "ஏன் வடிவு, நம்ம பாப்பாவைத் தூக்கறதுக்கு இவ்வளவு யோசனையா?" என்றான் சிவகுரு. முதுகு வலி என்றேன். யாழினி கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடி இருந்தாள், பிறகு இறக்கிவிட்டுச் செருப்பைக் கடிக்கப் போனாள். இரண்டு நாள் இருந்தேன், உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொண்டேன், நின்றபடி ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

திருத்தத்தை அடிக்கத் தொடங்கினேன்: மூன்றாம் தேதிப் படம் மறுபார்வை செய்யப்பட்டது. செய்யப்பட்டதாம். யாரால்? தானாகவே நடந்ததுபோல. அழித்தேன். மூன்றாம் தேதிப் படத்தைத் திரும்பப் பார்க்கையில் வலது விலாக்களில் சிறு மாற்றங்கள் இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது. இருக்கக்கூடும், எனத் தோன்றுகிறது, கோர்ட்டில் இதை வாசித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு மாலை போடுவார். அழித்தேன். மூன்றாம் தேதி நான். இதுவரை எழுதி நிறுத்தினேன், கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது, மணி பதினொன்று ஐந்து. நௌஷாத் சொல்வதும் சரிதான், இன்றைய படத்தில் விலா தெரியும், ஆர்த்தோ டாக்டர் கெட்டிக்காரர், அவரே யோசிப்பார், அவரே நிறுத்திவைப்பார். நிறுத்தமாட்டார், கட்டில் இல்லை. ஒருவேளை தொட்டில் உண்மையாகவே அறுந்திருக்கலாம். அறுந்திருக்கலாம், அதற்கும் விலாவுக்கும் என்ன? ஒருவேளை எலும்பே பலவீனமாக இருக்கலாம், ரத்தம் வரட்டும், நாளைக்கு எழுதலாம். நாளைக்குக் குழந்தை எங்கே இருக்கும்? சாயங்காலம் பெல்ட் போட்டு அனுப்பிவிடுவார்கள், அதே வீடு, அதே பாய், கையில் ஒரு கவர், கவருக்குள் ஆஸ்பத்திரி முத்திரையோடு எல்லாம் பத்து நாளுக்கு ஒத்துப்போகிறது என்று ஒரு தாள். கிட்டத்தட்ட நான் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. இவ்வளவும் தெளிவாகத் தெரிகிறது, அப்படியும் மூன்றாம் தேதி நான் என்பதற்கு அடுத்த சொல்லை என் விரல் அடிக்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு கோதண்டம் அண்ணன் தலையை நீட்டினார். "மேடம், செவ்வந்தி கொழந்த வந்துட்சு. வூட்டுக்காரங்க யாரும் புடிக்கக்கூடாதுன்னு வார்டுல சொல்லிட்டாங்க. ஆனா சிஸ்டர் ஒருத்தங்களத்தான் அனுப்பிச்சிருக்காங்க. காலுக்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தர் வோணும். இன்னொரு கை இல்லாம எடுக்க முடியாது." நௌஷாத் ஸ்கேனுக்குப் போயிருந்தான். நான் எழுந்தேன். ஈயக் கவசத்தை மாட்டினேன், என் எடையில் கால்வாசி இருக்கும், அதைப் போட்டதும் எப்போதும் ஒரு நிம்மதி, இனி எதுவும் உள்ளே வராது. வராந்தாவில் அந்தப் பெண் குழந்தையை இரண்டு உள்ளங்கையிலும் படுக்கவைத்து ஏந்தியபடி நின்றாள், இருபது வயது இருக்கும், துணியில் கட்டெண்ணெய் வாடை. தனியாக நின்றாள். வீட்டுக்காரர் கீழே ரத்த ரிசல்ட் வாங்கப் போயிருக்கிறார் என்றார் சிஸ்டர். குழந்தை அழவில்லை. ஆளையும் பார்க்கவில்லை, டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போன தபாவும் நீங்கதான் பாத்தீங்களா டாக்டரம்மா?" என்றாள்.

"ஆமா. நான்தான்."

"ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லத் தெரியும், அதற்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவள் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலை இறக்கினாள். "இருமலு அவ்வளவா இல்லம்மா அப்ப. நான்தான் இருமுது இருமுதுன்னு சொல்லி இட்டாந்தேன். போட்டோ புடிச்சா உள்ள இருக்கறதெல்லாம் தெரியும்னு சொல்வாங்க இல்ல. நீங்களே பாத்துச் சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். யார் என்றும் சொல்லவில்லை, எதை என்றும் சொல்லவில்லை. குழந்தையை நீட்டினாள். நானும் அவள் மாதிரியே இரண்டு உள்ளங்கையையும் விரித்து வாங்கிக்கொண்டேன், தலை ஒரு கையில், இடுப்பு ஒரு கையில். நாலரைக் கிலோ இருக்கும். "பேரு என்னம்மா?" என்றேன். "இளமாறன்" என்றாள், யாரும் இதுவரை கேட்காத மாதிரி இரண்டு தடவை சொன்னாள்.

மேஜையில் படுக்கவைத்தோம். சிஸ்டர் இடுப்பைப் பிடித்தார். நான் தலைமாட்டில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கிக் காதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். "க்ளவுஸு போடுங்க மேடம்" என்றார் கோதண்டம் அண்ணன். அந்த ஈயக் கையுறை எனக்குப் பெரியது, போட்டால் உள்ளே இருக்கும் கை எங்கே என்றே தெரியாது, வேண்டாம் என்றேன், அவர் திட்டிக்கொண்டே கண்ணாடிக்குப் பின்னால் போனார். இளமாறனின் மணிக்கட்டு என் ஒரு விரல் தடிமன். எவ்வளவு அழுத்தினால் பிடி, எவ்வளவுக்கு மேல் அழுத்தினால் வேறு. கையைத் தூக்கும்போது வலித்திருக்கும், விலா இழுக்கும், இருந்தும் அவன் அழவில்லை, வாயை மட்டும் ஒருமுறை திறந்து மூடினான். அழுதால் என்ன ஆகும் என்று இந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன், அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே சீலிங்கில் விழுந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆடாத, ஆடாத, அவ்ளோதான்" என்றார் கோதண்டம் அண்ணன் உள்ளிருந்து, எல்லாக் குழந்தைகளிடமும் சொல்வதைத்தான். மிஷின் ஒருமுறை முனகி நின்றது.

உள்ளே போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூலையிலிருந்து தொடங்கினேன். தோள், மேல் கை, முதுகெலும்பு, விலாவை ஒவ்வொன்றாக எண்ணினேன், ஐந்து, ஆறு, ஏழு, முடிச்சு இருக்கிறது, இப்போது எட்டாவதிலும் ஒன்று. பழைய எக்ஸ்ரே மிஷின், கொஞ்சம் அசைந்தாலும் மங்கிவிடும், ஆனால் குழந்தையின் எலும்புகள் அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தன. மேல் மூலையில் என் விரல்கள். அவை மட்டும் கலங்கலாக, ஒன்றுக்கு இரண்டாக.

"கொழந்த ஆடவே இல்ல மேடம், பாருங்க" என்றார் கோதண்டம் அண்ணன். திரும்பி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையை. "உங்க கைதான் நடுங்கிருக்குது. ஓரம்தான, வெட்டிடவா?"

கையைப் பார்த்தேன். இன்னும் நின்றபாடில்லை.

"வேணாண்ணே. இருக்கட்டும்."

மீதிப் பத்தொன்பது படத்துக்கும் நானே பிடித்தேன். குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து பவித்ரனைப் போனில் கூப்பிட்டு, இன்றைக்கு அனுப்பக்கூடாது, உங்கள் சாரை இறங்கிவரச் சொல், பழைய படம் ஒன்று இருக்கிறது என்றேன். என்ன படம் மேடம் என்றான். நான் பார்த்த படம் என்றேன். கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தேதி நான் பார்த்தபோதே இந்தக் குழந்தையின் மூன்று விலா உடைந்து ஆறிக்கொண்டிருந்தன, நான் கவனிக்கவில்லை. நடுங்குகிற கையால் அடித்ததில் நாலு எழுத்துப் பிழை. திருத்திவிட்டு, கீழே என் பெயரை முழுதாக அடித்தேன்.